குவியலுக்குள் ஈரம்

 

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை உணவு தானியக் குவியல் ஒன்றைக் கடந்து செல்கிறார்கள். தம் திருக்கரத்தை அக்குவியலுக்குள் நுழைத்துப் பார்க்கிறார்கள். விரல்களில் ஈரம் தட்டுப்படுகிறது. இது என்ன என்று வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் கூறுகிறார். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவருக்கும் தமக்கும் உறவில்லை என்று அண்ணலார் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இச்சம்பவத்தை நம்மில் அறியாதவர் குறைவு.

வணிகர்களுக்குரிய உபதேசமாகவே இதை நாம் பெரும்பாலும் கேட்டு வந்திருக்கிறோம். வாங்குகிறவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மேற்பரப்பின் நேர்த்தியை நம்பி முடிவு செய்துவிடாமல், கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் கற்பிக்கப்பட்ட இந்தப் பாடத்தைக் கணிப்பொறி உலகம் அண்மைக் காலத்தில் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டு வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அத்துறையில் பணியாற்றுகிறார்கள். நம் வங்கிக் கணக்கும் வணிகக் கணக்கும் பிள்ளைகளின் பாடமும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. ஆகவே, இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம்.

வீட்டில் மிளகாயையும் மல்லியையும் வெயிலில் காய வைக்கிறோம். கல்லும் மண்ணும் பொறுக்கி, சுத்தமான பாத்திரத்தில் போட்டு அரவை மில்லுக்கு அனுப்புகிறோம். வீட்டிலுள்ள தாய்மார்கள் செய்ய வேண்டியதையெல்லாம் குறையின்றிச் செய்துவிட்டார்கள். ஆனால் மில்லின் இயந்திரத்துக்குள்ளேயே ஒருவன் எதையோ கலந்து வைத்திருந்தால்? வீட்டில் பொறுக்கிய பொறுக்கலெல்லாம் வீணாகிவிடும். தூள் சிவப்பாகத்தான் இருக்கும், மணமும் இருக்கும். கெடுதல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

மென்பொருளும் இப்படித்தான் உருவாகிறது. நிரலாளர் மனிதர் படிக்கக்கூடிய வரிகளாக ஒன்றை எழுதுகிறார். இதற்கு மூல நிரல் என்று பெயர். கம்பைலர் என்னும் மற்றொரு மென்பொருள் அதனைக் கணிப்பொறிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுகிறது. மேலும், அவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. உலகின் பல மூலைகளில் யார் யாரோ எழுதி வைத்த ஆயத்தப் பகுதிகளை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பகுதிகளுக்குள் வேறு பகுதிகள். அவற்றுக்குள் இன்னும் சில. இறுதியில், எல்லாவற்றையும் ஒன்று திரட்டி, முத்திரையிட்டு அனுப்புவதற்கென்று தானே இயங்கும் கணிப்பொறிகளின் வரிசை ஒன்று இருக்கிறது. அரவை மில் என்று நாம் சொன்னது இதைத்தான்.

முன்பெல்லாம் திருடன் வீட்டுக் கதவை உடைத்தான். இப்போது மில்லுக்குள் புகுந்துவிடுகிறான். ஒரு மில்லைக் கெடுத்தால் ஓராயிரம் வீடுகளின் அடுப்பங்கரைக்குள் ஒரே நாளில் போய்விடலாம் அல்லவா!

இந்த அபாயத்தை முன்கூட்டியே எடுத்துரைத்தவர் ஒருவர் இருந்தார். யூனிக்ஸ் என்னும் புகழ்பெற்ற இயக்க அமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ப்சன் என்பவரே அவர். 1983ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதை ஏற்று அவர் ஆற்றிய உரை 1984இல் அச்சில் வந்தது. கம்பைலரைத் தந்திரமாக மாற்றியமைத்தால், அதன் வழியே உருவாகும் நிரலுக்குள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட முடியும். அந்தத் தந்திரத்தைக் கம்பைலர் தன் அடுத்த பதிப்புக்கும் தானே கடத்திவிடும். மூல நிரலை வரி வரியாகப் படித்தாலும் குற்றம் புலப்படாது என்று அவர் விளக்கினார். கேட்டவர்கள் வியந்தார்கள். வியந்ததோடு பெரும்பாலோர் நின்றுவிட்டார்கள்.

2015ஆம் ஆண்டில் அந்த எச்சரிக்கை வேறொரு வடிவில் பலித்தது. ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளுக்கு மென்பொருள் எழுதுவோர் எக்ஸ்கோடு என்னும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அந்நிறுவனம் அதை இலவசமாகவே தருகிறது. ஆனால் சீனாவில் அதன் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள நெடுநேரம் பிடித்தது. பொறுமையிழந்த நிரலாளர்கள் சிலர், உள்ளூரில் யாரோ பகிர்ந்திருந்த நகலை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்த நகலில் கள்ளப் பகுதி ஒன்று ஒளிந்திருந்தது. அதைக் கொண்டு கட்டப்பட்ட செயலிகள் ஒவ்வொன்றிலும் அது போய் ஒட்டிக்கொண்டது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் வீசாட் செயலியின் ஒரு பதிப்பும் அதற்குத் தப்பவில்லை. எழுதியவர்கள் நேர்மையானவர்கள்தாம். அவர்கள் கையிலிருந்த உளிதான் கெட்டிருந்தது. சில மணி நேரத்தை மிச்சப்படுத்த எண்ணியதன் விலை அது.

அடுத்தது 2020. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த சோலார்விண்ட்ஸ் என்ற நிறுவனம், பெரிய அலுவலகங்களின் கணிப்பொறி வலையமைப்பைக் கண்காணிக்கும் ஓரையன் என்னும் மென்பொருளை விற்று வந்தது. ஊடுருவியவர்கள் அந்நிறுவனத்தின் தயாரிப்பு வரிசைக்குள்ளேயே ஒரு கள்ள நிரலைக் காவல் வைத்தார்கள். ஓரையன் கட்டப்படத் தொடங்கும் நேரம் பார்த்து, அது மூல நிரல் கோப்பு ஒன்றை நீக்கிவிட்டுத் தன் கோப்பை வைக்கும். கட்டி முடிந்ததும் பழைய கோப்பைத் திரும்ப வைத்துவிடும். மறுநாள் வந்து சோதிப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். கெட்ட சரக்கின் மீது நிறுவனத்தின் உண்மையான முத்திரையே விழுந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதைப் பெற்றுக்கொண்டார்கள். அமெரிக்க அரசின் 9 துறைகளும் சுமார் 100 தனியார் நிறுவனங்களும் ஊடுருவப்பட்டதாக வெள்ளை மாளிகை 2021 பிப்ரவரியில் அறிவித்தது. முத்திரை மெய், சரக்கு பொய் என்ற நிலை!

இவை இரண்டிலும் கருவியையும் மில்லையும் கெடுத்தார்கள். மூன்றாவது சம்பவத்தில் கெடுக்கப்பட்டது ஒரு மனிதரின் நம்பிக்கை. ஆகவே அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

எக்ஸ்இசட் யூடில்ஸ் என்று ஒரு சிறிய மென்பொருள் உண்டு. கோப்புகளைச் சுருக்கி வைப்பது அதன் வேலை. லினக்ஸ் அமைப்பில் இயங்கும் எண்ணற்ற கணிப்பொறிகளில் அது இடம்பெற்றிருக்கிறது. இத்தனை பேர் சாய்ந்திருந்த அந்தத் தூணைப் பல ஆண்டுகளாகத் தாங்கி நின்றவர் ஒரே ஒரு மனிதர். ஊதியம் கிடையாது, உதவிக்கு ஆளும் கிடையாது.

2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். சிறு சிறு திருத்தங்களை அனுப்பினார். எல்லாம் ஒழுங்கான வேலைகள். 2022இல் வேறு சில பெயர்களில் சிலர் முளைத்தார்கள். பணி மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடக் கூடாதா என்று அந்த மனிதரை நச்சரித்தார்கள். இது ஊதியமற்ற பணி, முன்போல் ஈடுபட இயலவில்லை என்று அவர் பதில் எழுதினார். நச்சரிப்பு ஓயவில்லை. தளர்ந்திருந்த அவர், கூடவே நின்று உழைத்த ஜியா டானிடம் சிறிது சிறிதாகப் பொறுப்பை ஒப்படைத்தார். 2023இல் புதிய பதிப்புகளை வெளியிடும் அதிகாரமே அப்பெயருக்குப் போய்விட்டது. நச்சரித்த பெயர்களும் அதே கூட்டத்தின் வேடங்களே என்று பின்னர் ஆய்ந்தவர்கள் கருதினார்கள்.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த இரு பதிப்புகளில் விஷம் கலக்கப்பட்டது. கலந்த விதத்தைக் கவனியுங்கள். எல்லோரும் பார்க்கும் பொது இடத்தில் வைத்திருந்த மூல நிரலில், விஷத்தை இயக்கிவிடும் அந்த வரிகள் இல்லை. பதிப்பாகக் கட்டி அனுப்பிய மூட்டையில் மட்டும் அவை சேர்க்கப்பட்டிருந்தன. விஷமோ, சோதனைக்குரிய மாதிரிக் கோப்பு என்ற பெயரில் அனைவர் முன்னிலையிலும் கிடந்தது. காட்டிய குவியல் ஒன்று, வீட்டுக்கு அனுப்பிய மூட்டை வேறொன்று. அது மட்டும் பரவியிருந்தால், தூரத்திலிருந்து கணிப்பொறிகளுக்குள் நுழையப் பயன்படும் வாயிலுக்கு ஒரு கள்ளச் சாவி அந்தக் கூட்டத்தின் கைக்குக் கிடைத்திருக்கும்.

பரவவில்லை. காரணம், அரை விநாடி.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் வேறொரு வேலையாகத் தம் கணிப்பொறியின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். உள்நுழையும் செயல் வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கண்டார். நம்மில் எவராயினும் அதைப் பொருட்படுத்தியிருப்போமா? அவர் விடவில்லை. இந்த அரை விநாடி எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனார், குவியலுக்குள் கை விட்டார், ஈரம் தட்டுப்பட்டது. 2024 மார்ச் 29ஆம் நாள், ரமளான் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமையன்று, தாம் கண்டதை உலகுக்கு வெளிப்படையாக அறிவித்தார். அபாயத்தின் அளவுகோலில் அதற்கு 10க்கு 10 மதிப்பெண் இடப்பட்டது. பெரும்பாலான நிலைத்த அமைப்புகளுக்குள் அது நுழைவதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டது. ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார், ஒருவரா பலரா என்பது வெளிச்சத்துக்கு வரவில்லை.

சகோதர சகோதரிகளே! இவற்றையெல்லாம் படிக்கும்போது, நம் முன்னோர்களான ஹதீஸ் கலை இமாம்களின் நினைவு வராமல் இருக்குமா?

ஒரு செய்தி கிடைத்தால், அதன் வாசகம் அழகாக இருக்கிறது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. உமக்கு இதைச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்? அந்த இருவரும் சந்தித்திருக்க முடியுமா? இடையில் யாரேனும் விடுபட்டிருக்கிறார்களா? இப்படிக் கண்ணி கண்ணியாகக் கேட்டார்கள். இதற்கே இஸ்னாத், அதாவது அறிவிப்பாளர் வரிசை என்று பெயர். தொடக்கத்தில் மக்கள் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டதில்லை என்றும், குழப்பம் தோன்றிய பிறகே கேட்கத் தலைப்பட்டார்கள் என்றும் தாபிஈன்களில் ஒருவரான இப்னு ஸீரீன் (ரஹ்) கூறியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்கள்.

மென்பொருள் உலகிலும் அதே வரிசையில்தான் நடந்திருக்கிறது. முதலில் யாரும் கேட்கவில்லை. குழப்பம் வந்தது. இப்போது கேட்கிறார்கள். 2021 மே மாதம் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணை ஒன்று, அரசுக்கு மென்பொருள் விற்போர் அதனுள் சேர்ந்துள்ள பகுதிகளின் பட்டியலைத் தருவதற்கு வழிவகுத்தது. கடையில் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி, இதில் என்ன கொழுப்பு சேர்ந்திருக்கிறது, ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று எழுத்துக்கூட்டிப் பார்க்கும் நம் வீட்டுப் பெண்மணிக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஹலாலைப் பேணுகிற அவருடைய கண்ணைத்தான் கணிப்பொறி உலகம் இப்போது கடன் கேட்கிறது.

மற்றொரு முறையும் பரவி வருகிறது. ஒரே மூல நிரலை, ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இருவர், தனித்தனிக் கணிப்பொறிகளில் கட்டுகிறார்கள். இரண்டின் விளைவும் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்க வேண்டும். சிறு வேறுபாடு தெரிந்தாலும், இடையில் ஏதோ நுழைந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். கடன் பத்திரத்துக்கு இரு சாட்சிகளை வைக்கச் சொல்லும் திருமறையைப் படித்த நமக்கு இதன் நியாயமும் எளிதில் விளங்கும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எவரையும் நம்பாதே என்பதுதான் இதன் முடிவா? அப்படியானால் மனிதர் கூடி வாழ்வது எங்ஙனம்? தீய எண்ணம் கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறதே!

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜுராத்தைத் திறந்து பாருங்கள். நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியும்படி 6ஆம் வசனம் பணிக்கிறது. பிறரைப் பற்றி அதிகமாகச் சந்தேகம் கொள்வதையும் துருவித் துருவி ஆராய்வதையும் 12ஆம் வசனம் விலக்குகிறது. இரு கட்டளைகளும் ஒரே அத்தியாயத்தில், ஆறு வசன இடைவெளியில் அமைந்துள்ளன. ஒன்றைச் செய்ய மற்றதைக் கைவிட வேண்டும் என்றிருந்தால் இப்படி அருகருகே வந்திருக்குமா? மனிதரின் அந்தரங்கத்தைத் துருவக்கூடாது. அவர் கொடுத்த சரக்கைச் சோதிக்க வேண்டும். அண்ணலார் செய்து காட்டியதும் அதுவே. அந்த வணிகர் எப்படிப்பட்டவர் என்று முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லவில்லை. கையை நுழைத்தது குவியலுக்குள்தான்.

ஃப்ராயிண்ட் அவர்களும் எவர் மீதும் ஐயம் கொண்டு தொடங்கவில்லை. அளவில் கண்ட வேறுபாட்டை அலட்சியம் செய்யவில்லை, அவ்வளவே. நேர்மையாளருக்கு இத்தகைய சோதனையால் மனவருத்தம் ஏற்படத் தேவையில்லை. தராசில் நிறுத்துக் கொடுங்கள் என்று கேட்பது கடைக்காரரைத் திருடர் என்று சொல்வதாகுமா?

இனி, நாம் செய்ய வேண்டியவை.

நம் வீடுகளில்: திருமண அழைப்பிதழ் என்றும் வங்கி அறிவிப்பு என்றும் பெயர் தாங்கி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளைத் திறக்காதீர்கள், அனுப்பியவர் உறவினராகவே இருந்தாலும் சரி, அவருடைய கைப்பேசியே களவு போயிருக்கக்கூடும். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைப் பூட்டுடைத்த திருட்டு நகலாக நிறுவுவதையும் விட்டுவிடுங்கள். பிறருடைய உரிமையைப் பறிக்கும் பாவம் ஒருபுறம். பூட்டை உடைத்தவன் நமக்காக மட்டும் நேர்மையாளனாக இருப்பான் என்று எதிர்பார்க்கும் அறியாமை மறுபுறம்.

இத்துறையில் பணியாற்றும் இளைஞர்களே! நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் முகமறியாத மக்களின் அமானிதம். நேரம் மிச்சமாகும் என்பதற்காகக் கண்டதையெல்லாம் எடுத்துச் சேர்க்காதீர்கள். சேர்ப்பது யார் எழுதியது, யார் பராமரிப்பது, எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். அவசரப்படுத்தும் கடிதங்களிடம் இருமடங்கு எச்சரிக்கை தேவை. 2025 செப்டம்பரில், வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் இறக்கிக்கொள்ளப்படும் ஆயத்தப் பகுதிகள் சிலவற்றுக்குள் களவு நிரல் புகுந்தது. அவற்றைப் பராமரித்தவருக்கு, பாதுகாப்பு விவரங்களை உடனே புதுப்பிக்கும்படி ஒரு போலிக் கடிதம் வந்ததே அதற்கு வழி. நிதானம் அல்லாஹ்வுக்கு உவப்பான குணம் என்பதை மறவாதீர்கள்.

ஜமாஅத்துப் பெரியோர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. எக்ஸ்இசட் மென்பொருளைத் தாங்கி நின்ற அந்தத் தனி மனிதரை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் பயன்பெற்றார்கள்; எவரும் தோள் கொடுக்கவில்லை. தளர்ந்தபோது குறை சொல்லக் கூட்டம் வந்தது. கை கொடுக்க வந்தவனோ கள்ளனாக இருந்தான். நம் ஊரில் மதரஸாவின் கணக்கையும், பைத்துல்மாலின் சாவியையும், ஏழைக் குமர்களின் திருமண நிதியையும் ஆண்டுக்கணக்கில் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருப்பவர் யார்? அவருக்கு நாம் என்ன உதவி செய்தோம்? பாராட்டுச் சொல் ஒன்றேனும் சொன்னோமா, அல்லது ஜும்ஆ முடிந்ததும் வாசலில் நின்று குறை மட்டும் பேசினோமா? அவருக்குத் துணையாக இன்னும் இருவரை அமர்த்துவதும், கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வைப்பதும் அவர் மீது கொண்ட அவநம்பிக்கையாகாது. அவருடைய சுமைக்கும் கண்ணியத்துக்கும் அதுவே பாதுகாப்பு.

நாம் பெற்றுக்கொள்வதைச் சோதித்துப் பெறவும், பிறருக்குக் கொடுப்பதை உள்ளும் புறமும் ஒன்றாகக் கொடுக்கவும், அமானிதத்தைச் சுமப்பவர்களுக்குத் தோள் கொடுக்கவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.